போன் எடுக்காத அம்மாவுக்கும் ஓட்டு இருக்கு!



ரெண்டு நாளா ஒரு படம் எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துது. "புதுச்சேரியில் யாருக்கு எத்தனை சீட்? தொலைபேசி வழி மெகா கருத்துக்கணிப்பு!" கலர் கலரா பார், தலைவர்கள் போட்டோ, கீழே கண்ணுக்கே தெரியாத எழுத்துல "ஆயிரம் பேரிடம் கேட்கப்பட்டது"ன்னு ஒரு வரி.

அந்தப் படத்துல நாமதான் முன்னிலை. இருந்தும் நம்ம அதிகாரப்பூர்வ பக்கத்துல அதைப் போடல. "ஏன் போடல? அட்மின் தூங்குறாரா? எதிர்க்கட்சிக்கு வேலை பார்க்கிறாரா?"ன்னு இன்பாக்ஸ்ல ஒரே வசவு. தூங்கல தோழர்களே. வேணும்னேதான் போடல. காரணத்தைச் சொல்லிடறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு சின்ன சம்பவம். நம்ம தோழர் ஒருத்தருக்கு இந்த மாதிரி ஒரு சர்வே கால் வந்துச்சு. எதிர்முனையில் ஒரு பொண்ணு, வேகமா: "சார், நீங்க விழுப்புரம் மாவட்டத்துல எந்தத் தொகுதி?" இவர் அரியாங்குப்பத்துல பிறந்து, அரியாங்குப்பத்துலயே குடியிருக்கிறவர். ஆனா சிம் வாங்கினது திண்டிவனத்துல வேலை பார்த்தப்போ. "நான் புதுச்சேரிம்மா"ன்னு சொன்னதும் "சாரி சார்"ன்னு லைன் கட். அவ்வளவுதான். ஒரு புதுச்சேரி வாக்காளரோட கருத்து காத்துல போச்சு. இதே மாதிரி புதுச்சேரியில் ஓட்டே இல்லாத எத்தனை பேர் "நான் பாண்டிதான்"னு பதில் சொல்லியிருப்பாங்க?

இது அந்தப் பொண்ணோட தப்பு இல்ல. செல்போன் எண்ணுக்கு ஊர் கிடையாது. அங்கதான் மொத்தப் பிரச்சினையும் ஆரம்பிக்குது.

பழைய லேண்ட்லைன் காலத்தை நினைச்சுப் பாருங்க. நடு ஹால்ல, துணி உறை போட்ட போன். 0413ன்னு ஆரம்பிச்சா புதுச்சேரி, 04368ன்னா காரைக்கால். டைரக்டரியைத் திறந்தா பேரும் தெருவும் இருக்கும். போன் அடிச்சா அது வீட்டுக்கு அடிச்சது. அப்பாவும் எடுக்கலாம், பாட்டியும் எடுக்கலாம், காலேஜ் போற பொண்ணும் எடுக்கலாம். சர்வே எடுக்கிறவர் உஷாரான ஆளா இருந்தா, "உங்க வீட்டுல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருதோ அவங்ககிட்ட கொடுங்க"ன்னு கேட்பார். வெளிநாட்டுல பல வருஷம் இப்படித்தான் செஞ்சாங்க. எடுத்தவர் மட்டுமே பேசிடக் கூடாது, வீட்டுல எல்லாருக்கும் சம வாய்ப்பு கிடைக்கணும் என்பதற்கான ஏற்பாடு அது.

அந்தக் காலத்துலயும் குறை இல்லாம இல்ல. லேண்ட்லைன் வசதிக்காரன் வீட்டுப் பொருள். 1936ல அமெரிக்காவுல 'லிட்டரரி டைஜஸ்ட்'னு ஒரு பத்திரிகை, டெலிபோன் டைரக்டரியையும் கார் வச்சிருக்கிறவங்க பட்டியலையும் எடுத்து, சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி கார்டு அனுப்பிச்சு. இருபது லட்சத்துக்கும் மேல பதில் வந்தது. ஆல்ஃப் லாண்டன்தான் ஜெயிப்பார்னு அடிச்சுச் சொன்னாங்க. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்கள்ல 46ஐ ஜெயிச்சார். வேலையில்லாத் திண்டாட்டத்துல தவிச்ச ஏழை ஜனங்களோட வீட்டுல போனும் இல்ல, காரும் இல்ல. அவங்களைக் கேட்கவே இல்ல. பதில் அனுப்பாதவங்க எப்படிப்பட்டவங்கன்னும் யாரும் யோசிக்கல. அதே தேர்தல்ல ஜார்ஜ் காலப், அதுல ஒரு சிறு பங்கு ஆட்களை மட்டும் கேட்டு சரியாச் சொன்னார். ஆள் கணக்கு பெருசா இருந்தா மட்டும் கணிப்பு சரியாகிடாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

இப்போ எல்லார் கையிலயும் போன் வந்துடுச்சே, ஏழை பணக்காரன் பேதம் போயிடுச்சே, அப்போ போன் சர்வே முன்னைவிட சரியாத்தானே இருக்கணும்னு கேட்கலாம். நாட்டுல செல்போன் இணைப்பு 110 கோடிக்கு மேல, லேண்ட்லைன் 5 கோடிகூட தொடல. உண்மைதான். ஆனா இணைப்பை எண்ணுறது வேற, ஆளை எண்ணுறது வேற. ரெண்டு சிம் வச்சிருக்கிற பிசினஸ்காரருக்கு சர்வேல ரெண்டு வாய்ப்பு. ஒரே போனை நாலு பேர் வச்சுக்கிற வீட்டுல, நாலு ஓட்டுக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் அந்த போன் யார் சட்டைப் பையில இருக்கோ அவருக்குத்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வுன்னு மத்திய அரசே எடுக்கிற சர்வே இருக்கு. 2019-21ல எடுத்த ஐந்தாவது ஆய்வுப்படி, இந்தியாவுல 15லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல, தானே பயன்படுத்துற செல்போன் வச்சிருக்கிறவங்க 54 சதவீதம்தான். மீதிப் பேருக்கு? வீட்டுக்காரர் போன், பையன் போன். நம்ம பக்கம் நிலைமை இதைவிடப் பரவாயில்லைன்னே வச்சுப்போம். ஆனா புதுச்சேரி வாக்காளர் பட்டியலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. 2021 தேர்தல்ல சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். ஆண்கள் ஏறக்குறைய 4.7 லட்சம், பெண்கள் ஏறக்குறைய 5.3 லட்சம். இந்த ஊர்ல ஆட்சியை முடிவு பண்றதே பெண்கள்தான் தோழர்களே. அந்தப் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகமா அடிக்கிற போனை வச்சுக்கிட்டு "மக்கள் மனநிலை"ன்னு தலைப்பு போட்டா, அது எந்த மக்கள்?

2015 செப்டம்பர்ல ரேஷன் அரிசிக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம்னு நம்ம யூனியன் பிரதேசத்துல கொண்டு வந்தாங்களே, அதைப் பத்தி ஒரு வீட்டுல அப்பாவைக் கேளுங்க, அப்புறம் அம்மாவைக் கேளுங்க. ரெண்டு பதில் வரும். போன்ல கிடைக்கிறது பெரும்பாலும் முதல் பதில்தான்.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். போன் சர்வேக்குப் புதுச்சேரி மாதிரி சிக்கலான இடம் இந்தியாவுல ரொம்பக் கம்மி. ஏன்னா நம்ம வரைபடத்தைப் போட்டது பிரெஞ்சுக்காரன். டெலிகாம் வட்டத்தைப் போட்டது டெல்லிக்காரன். ரெண்டும் ஒட்டாது. 30 தொகுதிகள்ல 23 புதுச்சேரிப் பகுதி, 5 காரைக்கால், மாஹே ஒண்ணு, ஏனாம் ஒண்ணு. செல்போன் கணக்குப்படி புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரளா வட்டம். ஏனாம் ஆந்திரா வட்டம். "புதுச்சேரி நம்பர்"னு தனியா ஒரு வரிசையே கிடையாது. கடலூர்க்காரர், விழுப்புரத்துக்காரர், கன்னியாகுமரிக்காரர் எல்லாரும் நம்மகூட ஒரே மூட்டைக்குள்ள. போதாததுக்கு 2015 ஜூலை 3லிருந்து நாடு முழுக்க எந்த மாநிலத்துக்குப் போனாலும் பழைய நம்பரையே வச்சுக்கலாம்னு ஆகிப்போச்சு. நல்ல வசதிதான். ஆனா நம்பரைப் பார்த்து மாநிலம் சொல்ற வாய்ப்பும் அன்னையோட போச்சு.

கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கிட்டு தமிழ்நாடு வட்டத்துல ஏதோ ஒரு நம்பரைத் தட்டினா, அது புதுச்சேரி வாக்காளருக்குப் போறதுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு? 2021ல தமிழ்நாட்டுல ஆறு கோடிக்கு மேல வாக்காளர்கள், நாம பத்து லட்சம். அறுபது, எழுபது கால் போட்டா ஒண்ணு நமக்கு. அதனால யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. எங்கிருந்தோ ஒரு பட்டியல் வாங்குவாங்க. எந்தப் பட்டியல்? யார் கொடுத்தது? அதுல யார் இருக்காங்க, யார் இல்ல? படத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடுங்க.

எல்லையும் அப்படித்தான். முத்தியால்பேட்டையைத் தாண்டி நாலு எட்டு வச்சா கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. ஆரோவில் விழுப்புரம் மாவட்டத்துல இருந்தாலும் லேண்ட்லைன் 0413தான். அந்தப் பழைய கோடுகூட முழுசா நம்ம எல்லையைச் சொன்னதில்ல. இன்னொரு வேடிக்கை: நம்ம ஊர்லயே பிறந்து வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிற சொல்தா தாத்தாக்கள் இருக்காங்க. மத்தியானம் போன் அடிச்சா தவறாம எடுப்பாங்க, அரசியல் அழகா பேசுவாங்க. அவங்க ஓட்டு பிரெஞ்சு தேர்தல்ல. சட்டமன்றத்துக்கு ஓட்டு கிடையாது. சர்வேக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டாரா?

மாஹேவுக்குத் தமிழ்ல போன் போட்டுக் கேட்கிற அழகை நாங்க எழுதல, நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

சரி, எப்படியோ சரியான நம்பர் கிடைச்சுதுன்னு வைங்க. எடுக்கணுமே? இன்னைக்கு அறியாத நம்பர்னா யார் எடுக்கிறாங்க? கிரெடிட் கார்டு, லோன், மனை விற்பனை, ஓடிபி திருட்டு, "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி. ட்ரூகாலர்ல சிவப்பா வந்தா கட். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நாமளே சொல்லி வச்சிருக்கோம்: "தெரியாத நம்பர் எடுக்காதேம்மா." அவங்களும் எடுக்கிறதில்ல. எடுக்காததுதான் புத்திசாலித்தனமும்கூட. அமெரிக்காவுல பியூ ஆய்வு மையம் தன்னோட போன் சர்வேக்கு எத்தனை பேர் பதில் சொல்றாங்கன்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்கு. 1997ல நூத்துக்கு 36 பேர். 2012ல 9 பேர். 2018ல 6 பேர். அதுக்கப்புறம் போனையே பெரும்பாலும் விட்டுட்டு வேற வழிக்குப் போயிட்டாங்க. நம்ம நிறுவனங்கள் எத்தனை கால் போட்டு எத்தனை பேர் பேசினாங்கன்னு அந்த மாதிரி படத்துல போட்டதை நாங்க பார்த்ததில்ல. "ஆயிரம் பேர் பேசினாங்க"ன்னு மட்டும் போடுவாங்க. பேசாதவங்க எத்தனை ஆயிரம்?

காலைல வலையை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போன வீராம்பட்டினத்து மீனவருக்கு நடுக்கடல்ல சிக்னல் இல்ல. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பையன் போனை எத்தனையோ இடத்துல கேட்லயே வாங்கி வச்சுடறாங்க. பாகூர்ல நடவுக்குப் போன அக்கா போனை வீட்டுல சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருப்பாங்க. பகல் பதினோரு மணிக்கு யார் ஓய்வா போன் பேசுவாங்களோ, அவங்க கருத்துதான் "மக்கள் கருத்து".

இதுக்கு சர்வேக்காரங்க ஒரு பதில் வச்சிருக்காங்க, நியாயமா அதையும் சொல்லணும். "நாங்க எடை போட்டுச் சரி பண்ணிடுவோம்"பாங்க. அதாவது நூறு பேர் பேசினதுல பெண்கள் முப்பது பேர்தான்னா, பட்டியல்ல 53 சதவீதம் பெண்கள் இருக்கிறதால, ஒவ்வொரு பெண்ணோட பதிலையும் ஏறக்குறைய ஒண்ணே முக்கால் ஆளா கணக்குப் போடுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த முப்பது பேர் யாரு? சொந்த போன் வச்சிருக்கிற, தெரியாத நம்பரை எடுக்கத் துணிஞ்ச, டவுன் பக்கத்துப் பெண்கள். அவங்க குரலையே பெருசாக்கி மண்ணாடிப்பட்டு வயக்காட்டு அக்காவோட குரல்னு சொன்னா எப்படி? இருக்கிறதை ஏத்தலாம், இறக்கலாம். இல்லாததை எங்கிருந்து கொண்டு வருவாங்க?

இப்போ நம்ம ஊருக்கே உரிய இன்னொரு காரணம். இதை மறந்துடாதீங்க. 2021 சட்டமன்றத் தேர்தல் நேரத்துல, ஆதாரோட இணைஞ்ச செல்போன் எண்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி வருது, பூத் வாரியா வாட்ஸ்அப் குரூப்ல சேரச் சொல்லுதுன்னு புதுச்சேரி பாஜக மேல சென்னை உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டாங்க. டிஒய்எஃப்ஐ போட்ட வழக்கு. அந்தக் கட்சி மறுத்தது. எண்கள் தங்கள் தொண்டர்கள் திரட்டியவைன்னு சொன்னது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி அமர்வு குற்றச்சாட்டை லேசா ஒதுக்கித் தள்ளல, ஆதார் ஆணையத்தை விசாரிக்கச் சொன்னது. எண்கள் எங்கிருந்து போச்சு என்கிற வாதத்தை இங்க நடத்தல. நாங்க சொல்றது ஒண்ணுதான்: இந்த ஊர் வாக்காளருக்குத் தெரிஞ்சுபோச்சு, என் நம்பரும் என் பூத்தும் யாரோ ஒருத்தர் கையில ஒரே வரிசையில இருக்கலாம்னு. அப்படித் தெரிஞ்ச ஆள்கிட்ட, பேர் சொல்லாத ஒரு குரல் "யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"ன்னு கேட்டா உண்மையைச் சொல்வாரா? முதியோர் பென்ஷன் வாங்குற பாட்டி சொல்வாங்களா? வேலை நிரந்தரத்துக்குக் காத்திருக்கிற தினக்கூலி ஊழியர் சொல்வாரா? ஆளும் தரப்புக்குத்தான்னு சொல்லிட்டு போனை வைப்பார். இல்ல, "இன்னும் முடிவு பண்ணல." லேண்ட்லைன் காலத்துல போன் வீட்டோடது. செல்போன் அவரோடது, அவர் பேரோடது, அவர் வங்கிக் கணக்கோடது. பயம் அந்த அளவுக்குக் கூடத்தானே செய்யும்?

அடுத்து கணக்கு. ஆயிரம் பேரைச் சரியா, சமமா தேர்ந்தெடுத்துக் கேட்டதாவே வைங்க. மொத்தப் பிரதேசத்துக்கும் மூணு சதவீதம் முன்னப்பின்ன இருக்கும், ஒத்துக்கலாம். ஆனா படத்துல போட்டிருக்கிறது சீட் கணக்கு. ஆயிரத்தை முப்பது தொகுதிக்குப் பிரிச்சா தொகுதிக்கு 33 பேர். 33 பேரை வச்சுச் சொன்னா பதினேழு சதவீதம் முன்னப்பின்ன. 2021 கணக்குப்படி நம்ம தொகுதி ஒவ்வொண்ணும் சராசரியா முப்பத்து மூவாயிரம் ஓட்டு. தமிழ்நாட்டுத் தொகுதி மாதிரி ரெண்டு லட்சம், மூணு லட்சம் இல்ல. இங்க ஒரு தெரு திரும்பினா முடிவு திரும்பும். 2021ல ஏனாம்ல என்ன ஆச்சு? ரங்கசாமி அங்க ஒரு சுயேச்சைகிட்ட 655 ஓட்டுல தோத்தார். தட்டாஞ்சாவடியில் ஜெயிச்சதால முதல்வரானார். அந்தத் தேர்தல்ல என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6, திமுக 6, காங்கிரஸ் 2. சுயேச்சைகள் 6! முப்பதுல ஆறு. தேசிய டிவி கணிப்புகள் யார் ஆட்சின்னு சரியாத்தான் சொன்னாங்க, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஆறு சுயேச்சைகள் வருவாங்கன்னு எந்தப் பெரிய கணிப்பு சொன்னுச்சு? அஞ்சுல ஒரு பங்கு சட்டமன்றத்தையே கோட்டை விட்டாங்க. அந்தத் தெருவுல இருக்கிற டீக்கடைக்காரருக்குத் தெரிஞ்சிருந்தது.

நேர்ல போய் எடுத்தா எல்லாம் சரியாகிடும்னும் நாங்க சொல்லல. 2024 மக்களவைத் தேர்தல்ல போன்ல கேட்கிறதுக்குப் பேர்போன சி-வோட்டரும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேலன்னாங்க, வீடு வீடா போற ஆக்சிஸ் மை இந்தியாவும் 360க்கு மேலன்னாங்க. வந்தது 293. ரெண்டு வழியும் சறுக்கும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. லோக்நீதி மாதிரி ஆய்வாளர்கள் வாக்காளர் பட்டியல்ல இருந்தே பேரை எடுத்துத் தேடிப் போறாங்க. அந்தப் பட்டியல்ல அம்மா பேர் இருக்கு, பாட்டி பேர் இருக்கு. போன் இருக்கா, எடுத்தாங்களான்னு கேட்காத பட்டியல் அது ஒண்ணுதான்.

நம்ம வீட்டுக்குள்ளயும் கொஞ்சம் பேசணும். "வேட்பாளரையே போன் சர்வே வச்சுத் தேர்ந்தெடுக்கலாம், ஒண்ணை அழுத்துங்க ரெண்டை அழுத்துங்கன்னு கேட்டா போதும்"னு நம்ம ஆளுங்களே சிலர் பேசுறாங்க. 2022 ஜனவரியில பஞ்சாப்ல ஆம் ஆத்மி கட்சி ஒரு நம்பரைக் கொடுத்து முதல்வர் வேட்பாளரைச் சொல்லுங்கன்னாங்க. 21 லட்சத்துக்கு மேல பதில் வந்ததாகவும், 93 சதவீதம் பகவந்த் மானுக்குன்னும் அறிவிச்சாங்க. அவர் முதல்வரும் ஆனார். பிரசாரமா அது பிரமாதம். ஆனா பிடிச்சவங்க தானா கூப்பிட்டுச் சொல்ற கணக்கு சர்வே ஆகாது. நம்ம ஊர்ல அதைச் செஞ்சா, யார்கிட்ட சிம் கட்டு கட்டா இருக்கோ அவர்தான் வேட்பாளர். பத்து வருஷமா வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்துக்கிட்டு நிக்கிற தோழருக்கு சீட் வராது.

அதனால கேட்கிறோம், கணிப்பை வெளியிடுற எல்லாரையும் கேட்கிறோம், நமக்குச் சாதகமா போடுறவங்களையும் சேர்த்து. பத்திரிகைகளுக்கு பிரஸ் கவுன்சில் 1996லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு: யார் எடுத்தது, யார் எடுக்கச் சொன்னது, எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தது, எவ்வளவு பிழை வரலாம்னு சேர்த்துப் போடணும். வாக்குப்பதிவு முடியிற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் டிவியில கணிப்பு காட்டக் கூடாதுன்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126வது பிரிவுல இருக்கு. அதுக்கு முந்தின நாள் எவ்வளவு கூத்தடிச்சாலும் வாட்ஸ்அப் படத்தைக் கேட்க நாதி இல்ல. போன் நம்பர் பட்டியல் எங்கிருந்து வந்துச்சு, எத்தனை கால் போட்டீங்க, எத்தனை பேர் எடுத்தாங்க, அதுல பெண்கள் எத்தனை, காரைக்கால், மாஹே, ஏனாம் எத்தனை, எந்த மொழியில கேட்டீங்க. இந்தக் கணக்கைப் போடாத எந்தப் படமும் இந்தப் பக்கத்துல வராது. நாம முப்பதுக்கு முப்பதுன்னு இருந்தாலும் வராது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, முன்னிலைன்னு படம் வந்த மறுநாள் பூத் வேலைக்கு யார் வர்றாங்கன்னு பார்த்தோம். பாதிப் பேர் வரல. "அதான் ஜெயிச்சுட்டோமே"ன்னு போஸ்டர் டிசைன் பேசிக்கிட்டு இருந்தாங்க. பின்தங்கியிருக்கோம்னு படம் வந்தா மட்டும் என்ன, அப்போவும் அதே பாதிப் பேர் வர மாட்டாங்க.

இந்த வாரம் பூத் கமிட்டித் தோழர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில எடுத்துக்கிட்டு இறங்குங்க. வீட்டுல அண்ணன்கிட்ட பேசிட்டுத் திரும்பாதீங்க. அக்காகிட்ட, அம்மாகிட்ட தனியா உட்கார்ந்து கேளுங்க, மகளிரணித் தோழர் ஒருத்தர் கூட இருக்கட்டும். வீராம்பட்டினம், நல்லவாடு பக்கம் படகு கரைக்கு வந்தப்புறம் போங்க. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையத்துல ஷிப்ட் விடுற நேரத்துல நில்லுங்க. யாருக்கு ஓட்டுன்னு கேட்காதீங்க, என்ன குறைன்னு கேட்டு நோட்டுல எழுதுங்க. அவங்களா கொடுத்தா ஒழிய யாரோட செல் நம்பரையும் வாங்காதீங்க. நோட்டை ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள தொகுதி அலுவலகத்துல கொடுத்துடுங்க. படத்தை ஃபார்வர்டு பண்ணவங்க முதல்ல வாங்க.